பிரைமரி பெரிசா, செகண்டரி பெரிசா?

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ராக்காயிக்கு மூன்றாவதாகப் பிறந்தவன் பத்துமலை. மூத்தவன் ஐயாவு சிங்கப்பூரோடு போய்விட்டான். நடுவிலே ஒரு பெண். அவளைப் பாரிட் புந்தாரில் கட்டிக் கொடுத்திருந்தது. தாய்க்கு மிஞ்சியது இவன்தான். எண்பத்தெட்டில் தோட்டம் கைமாறி, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பத்துமலையோ ஈப்போவில் ஒரு ரப்பர் சாமான் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் தற்காலிக ஆள். வேலை நிரந்தரமானால்தான் குடியிருக்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்.

அந்த அறையில் ஒரு பெரிய மெஷின், சித்தியவான் கிளையில் இன்னொன்று. எந்தக் கிளையில் எத்தனை கம்ப்யூட்டர், எதை யார் தொடலாம் என்று இவை இரண்டும்தான் மேய்த்தன. ஒன்று உத்தரவு போடும், மற்றது கேட்டு நடக்கும். ஈப்போவுக்குப் 'பிரைமரி', சித்தியவானுக்குச் 'செகண்டரி' என்று அறைச் சுவரில் தாளில் எழுதி ஒட்டியிருந்தது.

ஒருநாள் சித்தியவானிலிருந்து கம்ப்யூட்டர் அதிகாரி ஸ்கந்தராஜா போன் போட்டார்.

"ரெண்டிலயும் விவரம் ஒத்துவரேல்லை. கீழ இருக்கிறதை அழிச்சுப்போட்டு, மேல இருக்கிறதில இருந்து எடுத்துப் போடும்."

"எது சார் கீழ?"

"எழுதி ஒட்டியிருக்கெல்லோ!" போனை வைத்துவிட்டார்.

பத்துமலை தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அறையைக் கூட்ட வந்த கருப்பம்மாள், "என்னா தம்பி, முழிக்கிற?" என்றாள்.

"அக்கா, பிரைமரி பெரிசா, செகண்டரி பெரிசா?"

"எம்மவன் தமிழ்ப் பள்ளியில பிரைமரி முடிச்சுத்தான்லா டவுனுக்குச் செகண்டரி போனான். இதுகூடவா தெரியல?"

அதுவும் சரிதானே என்று ஈப்போவை அழித்து, சித்தியவானில் இருந்ததை எடுத்துப் போட்டான்.

அரை மணி நேரத்தில் கிளைகளிலிருந்து போன். "எங்க கம்ப்யூட்டரே எங்களை யாருன்னு கேக்குது லா!"

மறுநாள் ஸ்கந்தராஜா வந்து குதித்தார். "ஏன் ஐசே, தலைமையை அழிச்சனீர்? பிரைமரி எண்டால் முதலாவது!"

"அப்ப சின்னப் பிள்ளைங்க படிக்கிறது ஏன் சார் பிரைமரி?"

அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து, எது மிஞ்சியது என்று பார்த்தார்.

சித்தியவானில் இருந்தது அந்தக் கிளையின் விவரம் மட்டும். மற்றதையெல்லாம் காகிதத்தைப் பார்த்துத் திரும்பத் தட்ட வேண்டும். வேலை நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். ஆனால் மெஷினை விட்டு நகராமல் தட்டட்டும் என்று, கம்பெனிக்குள்ளேயே இருந்த குவார்ட்டர்ஸ் சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

ராக்காயி சாவியைப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப இது ஏத்தமாடா, எறக்கமா?"

"தெரியலம்மா. நீ சாமானைக் கட்டு."