பழைய கரியில் வளர்ந்த கீரை

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகு, எனக்காக ஒருவர் சமைத்துத் தந்தது இன்றுதான் முதல் முறை.

சமைத்தவர், அடி அண்ணாமலையில் என் பக்கத்து வீட்டு செல்வி அக்கா. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. பழைய பேட்டரிகளை உருக்கும் கொட்டகை அருகிலேயே இருக்கிறது. அதன் முதலாளி பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்கு கேன் தண்ணீர் கொடுத்துப் புண்ணியம் சேர்க்கிறார்.

வேர்க்கடலைத் தோலைக் கரியாக்கி, குழாயில் அடைத்து, அக்காவுக்கு ஃபில்டர் செய்து தந்திருந்தேன். ஈயத்தைக் கரி பிடித்துக்கொள்ளும்.

இன்று கரி மாற்றப் போனேன். டிபன் பாக்ஸை நீட்டினார்.

"கீரை கடைஞ்சேன் தம்பி. எத்தினி நாளைக்குத்தான் ஓட்டல்லயே துன்னுவ? உன் பழைய கரிய கீரைப் பாத்தில கொட்டினேன், என்னமா வளந்துகீது பாரு."

"அக்கா, ஈயமெல்லாம் அந்தக் கரியிலதான் இருக்குது. டிரம்முல போட்டு மூடி வைக்கச் சொன்னேனே."

"கரி செடிக்கு நல்லதுதான? அத எவனாவது பூட்டி வைப்பானா?"

பிறகு குரல் இறங்கியது. "புள்ளைக்கு நேத்தும் இதத்தான் ஊட்டுனேன்."

இருவரும் கீரையை வேரோடு பிடுங்கினோம். நாளை பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை.

கொட்டகைக்காரர் ஈயக் கழிவை எங்கு வேண்டுமானாலும் கொட்டலாம். அதைப் பிடித்து வைத்த கரியை எங்கே கொட்டுவது என்று நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

டிபன் பாக்ஸை அக்கா திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரவுக்கு வழக்கம்போல ஓட்டல் பரோட்டா. கூட உட்கார்ந்து சாப்பிட யாராவது வருகிறீர்களா? கீரை கிடையாது, தைரியமாக வரலாம்.