மடுவுக்கு வைத்த பெயர்

மர்டோ வீட்டுக்குள் வந்ததும் முதலில் சொல்வது ஆற்றின் அளவைத்தான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நனைந்த காலுறையைக் கழற்றியபடியே, "ரெண்டு இஞ்ச் இறங்கிருக்கு" என்பார். எனக்குக் காய்ச்சலா, பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சால்மன் மீன் பிடிக்க வரும் விருந்தினர்களை ஆற்றுக்கு அழைத்துப்போய், எங்கே நிற்பது, தூண்டிலில் இறகால் செய்த எந்தப் பொய் ஈயைக் கட்டுவது என்று காட்டுவது அவர் வேலை. லண்டன் சீமாட்டிகள் அவர்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு எங்கேயும் போகாது.

ஒரு குளிர்கால வெள்ளம் ஆற்றின் வளைவில் புதிதாக ஒரு மடுவைத் தோண்டிவிட்டது. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை ஆறு ஓடும் எஸ்டேட்டின் முதலாளி மர்டோவுக்குக் கொடுத்தார். அன்று நான் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் வைத்தது எங்கள் நாயின் பெயரை. ஜெஸ் மடு. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடம் மர்டோவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஓடும் நீரில் இறங்கவே கூடாது என்றார் மருத்துவர். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி இந்த மனுஷன் எனக்குத்தான்.

ஆனால் நாற்காலியில் இருந்தது வெறும் உடம்பு. வைத்த சூப் ஆறிப்போகும். அவர் இடத்துக்கு வந்த ஸ்ட்ரூவன் ஜெஸ் மடுவில் பெரிய சால்மன் ஒன்றைப் பிடித்ததாகத் தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

"அந்தப் பய நிக்கிற இடமே தப்பு, எஃபி."

"தப்பா நின்னே பிடிச்சிட்டானே."

அன்று அவர் சாப்பிடவில்லை. அந்தப் பொறாமை முகத்தை எனக்குத் தெரியும். வருடக்கணக்காக அதை நானே சுமந்திருக்கிறேன்.

நான் பள்ளியைப் பாதியில் விட்டதே அப்பாவின் படகை ஓட்டத்தான். ஏரியில் ஆட்களை அக்கரை சேர்ப்போம். மறுநாள் காலை அண்டை வீட்டில் படகுச் சாவியை வாங்கிவந்து மேசையில் வைத்தேன்.

"ஏரில இறங்கத் தேவையில்ல. உக்காந்தே பிடிக்கலாம். துடுப்பு நான் போடுறேன்."

"உனக்குத்தான் மீன் நாத்தமே ஆகாதே?"

"மீனுக்காகவா வரேன்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியைத் தேடினார்.

இப்போது லேசாகக் காற்றடிக்கும் நாள்களில் ஏரிக்குப் போகிறோம். நான் துடுப்பு போடுகிறேன், அவர் ட்ரவுட் மீன் பிடிக்கிறார். பேசுகிறார், பெரும்பாலும் படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று. ஸ்ட்ரூவனை இன்னும் திட்டுகிறார். எனக்கு ஆற்றின்மேல் இருந்த பொறாமை இன்னும் போகவில்லை.