நான்காவது சானலின் பச்சை விளக்கு

இது நடந்தது. நம்புங்கள் என்று எவரையும் வற்புறுத்துவதற்கில்லை. ஆயினும் அன்று மாலை அந்த அரங்கில் முந்நூறு பேர் அமர்ந்திருந்தனர். அத்தனை பேரும் அந்த மனிதரைக் கண்ணால் கண்டனர், அவர் குரலைக் காதால் கேட்டனர், கைதட்டினர். அவர்களுள் ஒருவர்கூடப் பயப்படவில்லை. பயந்தவர் ஒரே ஒருவர்தாம். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார்.

நாடகக் குழுவில் அவரைச் 'சவுண்டு' என்றே எல்லோரும் அழைப்பர். பெயர் சொல்லி அழைப்பவர்கள் அவருடைய தாயாரும், வங்கியிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுபவர்களுமே.

பல ஆண்டுகளாக அவர் கையாண்டது பெரிய மிக்ஸர். கட்டில் அளவுக்கு அகலம். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ் உண்டு. பத்து விரல்களையும் பத்துக் குமிழ்களில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஒரு குரலை ஏற்றி மற்றொன்றை இறக்குவார். அந்த மிக்ஸரைத்தான் குழுவின் இயக்குநர் ஒருநாள் தலைமுழுகினார். இயக்குநர் வேறு யாருமல்லர். சவுண்டின் மனைவிக்கு அண்ணன்.

"அது ரெண்டு வரிசை சீட்டை முழுங்குது மாப்ளே. உலகமே லேப்டாப்புல மிக்ஸ் பண்ணுது. நீ மட்டும் ரயில் ஓட்டுற மாதிரி நின்னுக்கிட்டிருக்க."

அன்று பிடித்தது சனி. மவுஸைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் நகர்த்த முடிந்தது. மீதி ஒன்பது விரல்களும் வேலையற்று வெறுமனே கிடந்தன. போதாக்குறைக்கு, கணினிக்குள் புகுந்து வெளிவரும் குரல் இமைப்பொழுதில் ஒரு சிறு பங்கு பிந்தியே வரும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சவுண்டுக்குத் தெரியும். உதடு முன்னால் போகும். குரல் பின்னால் ஓடிவரும். செருப்புக்குள் சிக்கிய சிறுகல் போல, ஒவ்வொரு வசனத்திலும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த அரங்குக்கு வருவதற்கு முந்தைய வாரம், இரண்டு காட்சிகள் அடுத்தடுத்துக் கெட்டன. ஒரு நாள் லேப்டாப் திரை உறைந்து, மேடையில் எல்லோரும் ஊமையாயினர். மறுநாள் அழுகைக் காட்சியில் ஸ்பீக்கர் 'கீ...' என்று அலறியது. அழவேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது.

"இன்னொரு வாட்டி கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அதோட சரி," என்றார் மச்சான், எல்லோர் முன்னிலையிலும். "தங்கச்சி புருஷன்னு கூடப் பார்க்க மாட்டேன். வேற ஆளைப் போட்டுடுவேன்."

வாய் திறந்தவர் ஒருவர்தாம். அவரை 'ஜட்ஜ்' என்பார்கள். இளமையில் ஏதோ ஒரு நாடகத்தில் நீதிபதியாக நடித்தவர். நாடகம் மறைந்தது, பட்டம் நிலைத்தது. இப்போது தந்தை வேடம்.

"புது மாடு, புது வண்டி. பழகறதுக்குக் கொஞ்சம் நாள் குடுப்பா," என்றார். "அவன் சரியா பண்ணுவான். நான் சொல்றேன்."

ஜட்ஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னர், காலி மேடையின் நடுவில் நின்று, சட்டையில் குத்திய மைக்கில் மெல்லக் கேட்பார்: "தம்பி, கேக்குதா?" சவுண்டு கையை உயர்த்திக் "கேக்குது சார்" என்று பதிலளிக்க வேண்டும். பதில் வந்தால்தான் உள்ளே போவார்.

இந்த அரங்கில் இரண்டு நாள் நாடகம். முதல் நாள் விபத்தின்றிக் கழிந்தது. பெட்டிகளை மூடும்போது ஜட்ஜ் இருமிக்கொண்டே அருகில் வந்தார்.

"நாளைக்குத்தான் முக்கியமாமே? பெரிய அரங்கத்துக்காரங்க பார்க்க வர்றாங்களாம்."

"ஆமா சார். அவங்களுக்குப் பிடிச்சா வருஷம் பூரா நாடகம். பிடிக்கலைன்னா என் தலை."

"உன் தலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சவுண்டு செக். எல்லோரும் வந்தனர். ஜட்ஜ் வரவில்லை.

சவுண்டு அவருக்குத் தொலைபேசி அடித்தார். எடுக்கவில்லை. மீண்டும் அடித்தார். எடுக்கவில்லை. ஜட்ஜ் தனி ஆள். ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை எடுத்திருந்தார். பிற்பகலில் தூங்கும் வழக்கம் உண்டு. "வந்துடுவார், விடு. அவர் என்னைக்கு டைமுக்கு வந்தார்?" என்று மச்சான் கையை உதறினார்.

சவுண்டுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. நல்ல நாள் பார்த்தா இப்படி? நாடகத்தின் பாதி வசனம் அவருடையது. அவர் குரல் இல்லாமல் மற்றவர்களின் அளவை எப்படி வைப்பது?

அதற்கு வழி இருந்தது. இந்தப் புது ஏற்பாட்டில் அவர் ஒப்புக்கொண்ட ஒரே நன்மை அதுதான். ஒவ்வொரு நாள் நாடகத்தையும் கணினி, மைக் வாரியாகத் தனித்தனிச் சானலில் பதிந்துவைக்கும். திரையில் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு சிறு விளக்கு. அது சிவப்பாக இருந்தால், மேடையிலிருந்து வரும் குரல் ஸ்பீக்கருக்குப் போகும்; பதிவும் ஆகும். பச்சையாக இருந்தால், நேற்றுப் பதிந்த குரல் போகும். ஜட்ஜின் சானல் நான்கு. அதை மட்டும் பச்சையாக்கினார். நேற்றைய ஜட்ஜ் பேசினார். இன்றைய நடிகர்கள் பேசினர். அளவு சரியாக அமைந்தது.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது; அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது.

நடுவில் ஒரு வட்டம் சுழன்றது. 'அப்டேட் செய்யப்படுகிறது. அணைக்க வேண்டாம்.'

"உன்னை யாருடா இப்போ கேட்டா?" என்று லேப்டாப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் சவுண்டு.

ஒரு மணி நேரம் அந்த வட்டம் சுழன்றது. பார்வையாளர்கள் உள்ளே வரத் தொடங்கினர். மச்சான் இரண்டு முறை வந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். நாடகத்துக்கு முதல் மணி. இரண்டாம் மணி. திரை உயிர்பெற்றது. விட்ட இடத்திலிருந்தே எல்லாம் திறந்தது.

மூன்றாம் மணி அடித்தது. நேற்றும் மூன்றாம் மணிக்குத்தான் பதிவைத் தொடங்கியிருந்தார். அதே பொத்தானை அழுத்தினார். மணி ஆறரை.

'ஜட்ஜ் வந்தாரா?' என்ற கேள்வி அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. கேட்பதற்குள் மேடைத் திரை விலகியது.

வந்திருந்தார். நாற்காலியில், முழு ஒப்பனையுடன்.

சவுண்டு பெருமூச்சு விட்டார். 'கேக்குதா' என்று கேட்காமலே இன்று மேடையேறிவிட்டாரே என்று ஒரு சிறு குறை. அவ்வளவுதான்.

முதல் காட்சி நன்றாகப் போயிற்று. ஆனால் ஏதோ ஒன்று நெருடியது. மகளாக நடிப்பவள் தன் வசனத்தை முடிப்பதற்குள் ஜட்ஜ் குறுக்கே பேசிவிட்டார். பிறகொரு முறை அவள் பேசி முடித்துக் காத்து நின்றாள். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்னர்தான் பேசினார். ஐம்பது வருஷ அனுபவம் பேசுகிற லட்சணமா இது என்று சவுண்டு முணுமுணுத்தார்.

இரண்டாம் காட்சி. நீண்ட வசனம். நடுவில் ஜட்ஜ் இருமினார். மூன்று முறை. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நேற்றும் இதே இடத்தில் இருமினார்.

இதே மூன்று முறை.

சவுண்டு லேப்டாப்பைப் பார்த்தார். வரிசையாகச் சிவப்பு விளக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு, ஏழு.

நான்கு, பச்சை.

அதைச் சிவப்பாக்க மறந்துபோயிருந்தார். நாடகம் தொடங்கியதிலிருந்து, ஜட்ஜின் நேற்றைய குரல்தான் அரங்கில் ஒலித்துக்கொண்டிருக்கிறது! முந்நூறு பேர்... பெரிய அரங்கத்துக்காரர்கள்... மச்சான்... தொலைந்தது வேலை.

ஆனால் எவரும் சிரிக்கவில்லையே? உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம் என்று இதற்குள் அரங்கமே கூச்சலிட்டிருக்க வேண்டுமே?

தலையை நிமிர்த்தினார். மேடையைப் பார்த்தார்.

ஜட்ஜின் உதடுகள் அசைந்தன. குரல் வந்தது.

இரண்டும் ஒன்றாக வந்தன.

மற்றவர்களுக்கெல்லாம் அந்தச் சிறு பிந்தல் இருந்தது. உதடு முன்னே, குரல் பின்னே. ஜட்ஜுக்கு மட்டும் அது இல்லை. மயிரிழையும் இல்லை.

எந்த மனிதனாலும் இது முடியாது. நேற்றுப் பேசியதை, நேற்று விட்ட மூச்சோடு, நேற்று இருமிய இருமலோடு...

மவுஸை நான்காவது சானலுக்கு நகர்த்தினார். பச்சையைச் சிவப்பாக்கினார்.

அமைதி.

ஜட்ஜின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. திரையில் நான்காவது சானலின் கோடு, நேர்கோடாகக் கிடந்தது. மூச்சுக்காற்றுகூட இல்லை. துணி உரசும் சத்தம்கூட இல்லை.

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மச்சானும் திரும்பினார்.

உடனே பச்சையாக்கினார். குரல் வந்தது.

'பேட்டரி போயிருக்கும்,' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். 'பேட்டரிதான்.'

ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் சிவப்பு.

ஒன்றுமில்லை.

இம்முறை ஜட்ஜ் வசனத்தை நிறுத்தவில்லை. ஆனால் முகத்தை மெல்லத் திருப்பினார். நேற்று அந்த இடத்தில் அவர் திரும்பவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த இருட்டை நோக்கினார்.

சவுண்டைப் பார்த்தார்.

பச்சை.

அதன்பின் அவர் மவுஸைத் தொடவில்லை.

எட்டு மணி பத்து நிமிடம். கடைசி வசனம். திரை மூடியது. கைதட்டல் எழுந்தது, நீண்டது, அடங்கியது. சவுண்டு ஹெட்போனைக் கழற்றப் போனார்.

அப்போது...

காதுக்கு மிக அருகில், மெல்ல:

"தம்பி, கேக்குதா?"

நேற்றைய பதிவின் வால் என்று நினைத்தார். அத்தனை நேரம் அடக்கிய பயமெல்லாம் எரிச்சலாக வெடித்தது.

"கேக்குது சார், கேக்குது," என்றார். "மொதல்ல பேட்டரியைப் பார்த்துட்டு ஏறுங்க."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார்.

மச்சான் சிரித்த முகத்துடன் ஓடிவந்து அவர் தோளில் ஓங்கித் தட்டினார். "வருஷம் பூரா தேதி குடுத்துட்டாங்க மாப்ளே. இன்னைக்குத்தான் உன் சவுண்டு சவுண்டா இருந்துச்சு. அதிலயும் ஜட்ஜ் குரல்... அப்படியே பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி. நடுவுல எங்கயோ ரெண்டு தடவை போச்சே?"

"பேட்டரி, மச்சான்."

ஒப்பனை அறையில் ஜட்ஜ் இல்லை. உடைகளையும் மைக்குகளையும் பார்த்துக்கொள்ளும் தையலக்கா, பெட்டியைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"எங்க அவரு?"

"பார்க்கலை. வரும்போதும் எந்தப் பக்கமா வந்தார்னு தெரியலை. திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தார். மைக் குத்த வந்தேன், வேணாம்னு கை காட்டினார். நீங்களே குத்திட்டீங்கன்னு நினைச்சேன்."

நான்காம் எண் மைக் பெட்டியில் இருந்தது. நேற்றுச் சுற்றிய வயர் சுற்றியபடி.

மகளாக நடிப்பவள் ஒப்பனையைக் கலைக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இன்னைக்கு அவர் என்னைப் பார்க்கவே இல்ல," என்றாள். "நான் கேட்டதுக்கு அவர் பதில் சொல்லலை. நேத்து நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தார்."

மறுநாள் காலை, மருந்துக் கடைக்காரர் மாடிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் வைத்து உடைத்தார். ஜட்ஜ் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டில் தொலைபேசி, அதில் எடுக்கப்படாத அழைப்புகள். உயிர் பிரிந்தது முந்தைய நாள் பொழுது விடியுமுன் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

காரியங்கள் முடிந்த பிறகு, அவர் குரலை எடுத்துவைக்கலாம் என்று சவுண்டு அந்த முதல் நாள் பதிவைத் திறந்தார். நான்காவது சானல். தனியாக, பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். இருமல் இருந்தது. மூன்று முறை. கடைசி வசனம் இருந்தது. கைதட்டல் எழுந்தது.

'கேக்குதா' வருமென்று காத்திருந்தார்; கைதட்டல் அடங்குமுன்பே பதிவு அறுந்தது. அன்று அந்த இடத்தில் பதிவை நிறுத்தியவர் அவரே.

அதற்குப் பிறகு அந்தச் சானலில் எதுவும் இல்லை.