கரப்பானின் பின்பாதி

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்: "இவர் பத்துன்னு சொன்னா எட்டைக் கழிச்சுக்குங்க." உண்மைதான். நான் பிடித்த மீன் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முழம் வளர்ந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, அந்தப் பழக்கத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. ஆனால் இந்தக் கதையில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. வேண்டுமானால் கழித்துப் பாருங்கள். அப்புறம் விளக்கை அணைக்க நீங்களே யோசிப்பீர்கள்.

நான் ஒரு ராட்சசக் கரப்பான்பூச்சியின் முன்பாதி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பதினெட்டு அடி நீளம். பிரம்பு வளையத்தின் மேல் மெத்தை ஸ்பாஞ்சு, அதற்கு மேல் பழுப்பு வார்னிஷ். மீசைக்கு இரண்டு தூண்டில் கம்பு. கண்ணுக்கு இரண்டு பிளாஸ்டிக் வடிகட்டி. நடு ஜோடிக் கால்களை எங்கள் முழங்கைகளில் கயிறு கட்டி ஆட்டுவோம். நாற்பது வருடத்துக்கு முன் நாங்கள் எடுத்த அந்தப் படத்தில் கயிறும் தெரியும், வயிற்றுக்கு அடியில் எங்கள் கான்வாஸ் ஷூவும் தெரியும். தெரிந்தால் என்ன? அந்த வருடம் பணத்தைக் கொட்டி எடுத்த படங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் கரப்பானைப் பார்க்க இன்னும் கூட்டம் வருகிறது. ஷூ தெரியும் இடத்தில் விசில் பறக்கிறது.

பின்பாதி என் மச்சான். மனைவியின் அண்ணன், என் வயதுக்காரன். குனிந்து, என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் ஒன்றும் பார்க்காமல் ஓடி வருவது அவன் வேலை. என் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அவன் தயார் என்று அர்த்தம். பீடி புண்ணியத்தில் ஓயாமல் இருமுவான். நான் இடது காலை வைத்தால் அவன் வலது காலை வைப்பான். "பின்னங்கால் லேட்டு!" என்று டைரக்டர் கத்தாத டேக்கே கிடையாது.

அன்று கடைசி நாள். ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. ஐந்து மணிக்குக் காலி செய்தாக வேண்டும். பாக்கி ஒரே ஷாட். கரப்பான் சரிவுப் பலகையில் ஓடி ஏறி, உச்சியில் நிற்கும் அட்டைக் கோபுரத்தைச் சாய்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை. இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். பதினோரு டேக் எடுத்தோம். பதினோரு தடவையும் மச்சானின் ஷூ வழுக்கி, கரப்பான் மல்லாந்து விழுந்தது.

கிடங்குக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏம்ப்பா, இது கரப்பானா, சினை எருமையா?"

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, அஞ்சு மணிக்குள்ள இதை மேல ஏத்திக் காட்றேன். ஏத்தலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

"எருமைன்னு கூப்பிடலாமா?"

"தாராளமா."

ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. இரண்டையும் கழற்றி மூலையில் வீசிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"பசை வாங்கிட்டு வந்துடறேன் மாப்ளே. நான் வர்ற வரைக்கும் எவனையும் உள்ள விடாதே. அது என் இடம்."

மணி 1:35.

இரண்டாயிற்று. மூன்றாயிற்று. ஆளைக் காணோம். நாலரைக்குச் சாமான் ஏற்றும் வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு யாரையாவது உள்ளே அனுப்பலாம் என்றார். "அவன் வருவான்" என்று முறைத்துவிட்டு, தலையை மாட்டிக்கொண்டு சரிவின் அடியில் போய் நின்றேன். தனியாக. பாதிக் கரப்பானாக.

4:38.

பின்னால் துணி விலகும் சத்தம். சரக்... யாரோ குனிந்து உள்ளே நுழைந்தார்கள். பெல்ட்டில் பிடி விழுந்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

இருமல்கூட இல்லை.

எப்போதும் என் முதுகில் அனலாக மூச்சு அடிக்கும். இப்போது மூச்சே படவில்லை. பெல்ட்டுக்குள் விரல்கள் பட்ட இடம் மட்டும் ஐஸ் வைத்தது போல...

"மச்சான்?"

டப்... டப்.

4:41. "ஆக்‌ஷன்!"

ஓடினோம். இல்லை, என்னைத் தள்ளிக்கொண்டு போனது. இடது... வலது... இடது... ஓர் அடி பிசகவில்லை. ஒரு முறை வழுக்கவில்லை. என் காலடியில் பலகை தடதடத்தது.

எனக்குப் பின்னால்... சத்தமே இல்லை.

தடால்! கோபுரம் சாய்ந்தது.

"கட்!" டைரக்டர் அழுதுகொண்டே கைதட்டினார். கிடங்குக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ஜிப்பைத் திறந்தார்கள்.

பின்பாதி காலி.

மூலையில் அந்த ஷூ. அதே இடத்தில். வாயைப் பிளந்தபடி.

5:20-க்குத் தகவல் வந்தது. பசை வாங்கிவிட்டுச் சாலையைக் கடந்தபோது ஒரு வேன்... ஆஸ்பத்திரியில் இறந்த நேரம் 1:50 என்று எழுதியிருந்தார்கள். நான்தான் போய் அடையாளம் காட்டினேன்.

"லைட் போடறவன் எவனோ உள்ள புகுந்திருப்பான்யா" என்று டைரக்டர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். லைட் போட்ட மூன்று பேரும் இல்லவே இல்லை என்றார்கள். நாற்பது வருடம் நானும் அதை நோண்டவில்லை.

போன மாதம், பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பளிச்சென்று ஆக்கும் பெண் ஒருத்தி என்னை வரச் சொன்னாள். காலை 11:10. நல்ல வெயில்.

"சார், இந்தக் கோபுர ஷாட்ல அடியில கால் தெரியுது. அழிச்சிடவா?"

"கை வைக்காதம்மா. ஷூ தெரியறதுதான் படத்துக்கே அழகு."

"முன்னாடி ஷூ இருக்கு சார். பின்னாடி வெறுங்கால்."

படத்தை நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

"கட்டை விரல்ல ஏதோ அட்டை கட்டியிருக்கு... நம்பர் மாதிரி... மங்கலா இருக்கு சார்."

"இருபத்தேழு" என்றேன்.

இன்னும் பெரிதாக்கினாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

மச்சான் செத்த அன்று மாலை 6:25-க்கு, சவக்கிடங்கில், அந்த விரலில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

"சார்..." நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? ஏத்திக் காட்றேன்னான்... காட்டிட்டான். அப்படியே இருக்கட்டும்."