சிவப்பு லைட் எரியுது

இன்டர்நெட் கம்பனியின் டெக்னீஷியன் மூன்றாவது முறையும் புது ரவுட்டர் பெட்டியோடுதான் வத்தேகமயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நெடிய, ஒடிசலான மனிதர். எதையும் தொடுமுன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாக இன்டர்நெட் இல்லை; உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மாணவர்களுக்கு ஒன்லைன் வகுப்பும் இல்லை.

"வெளிய கேபிள் அறுந்து கெடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பின்ன எதுக்குங்க திரும்பவும் பெட்டி?"

அவர் வேலைத்தாளை மேசையில் அடித்து வைத்தார். அவருக்கும் கோபம்.

"நான் எழுதிக் குடுக்குறத எவன் பாக்குறான்? கம்பனிக்கு போன்ல என்னா சொன்னீங்க டீச்சர்?"

"சிவப்பு லைட் எரியுதுன்னு."

"அத ஆபீஸ்ல சிங்களத்துல 'பிச்சிலா'ன்னு எழுதிட்டானுக. ரவுட்டர் எரிஞ்சு போச்சாம்! அதான் பெட்டிய குடுத்து அனுப்புறானுக. இனிமே லைட் அணைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. அப்பதான் லைன் வரலன்னு எழுதிக்கிட்டு கேபிள் தருவானுக."

"எரியிற லைட்ட அணைஞ்சு போச்சுன்னு சொல்லணுமா?"

"ஆமா."

போன் பண்ணி அப்படியே சொன்னேன். மறுநாள் காலையிலேயே கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே வந்தார். கைகளைத் துடைத்தார். இருவரும் சிரிக்கவில்லை.

நான் படிப்பிப்பது தமிழ். 'விளக்கு எரிகிறது' என்று பிள்ளைகள் எழுதும்போதெல்லாம் அந்த மனிதர் கண்முன் வந்து நிற்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.