ஆறவிடாத நைலோன்

எழுபதுகளில் இலங்கையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் லேத்து வேலை பார்த்தேன். வெண்கலம் கிடைக்காத காலம். கொழுந்து அரைக்கும் ரோலருக்கு அச்சில் மாட்டும் வளையமான புஷ்ஷை நைலோன் தண்டில்தான் கடைந்தோம். தண்டை அப்படியே கடைந்தால் முதலில் அளவு சரியாக இருக்கும். அரைமணியில் வட்டம் கோணிவிடும். எண்ணெயில் மெதுவாகச் சூடேற்றி, அந்த எண்ணெயிலேயே ஆறவிட்டுக் கடைந்தால் கோணாது. இதை நான் இரண்டு புஷ்களைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி தங்கச்சியின் புருஷன் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. எனக்கு இங்கேயே பிரஜாவுரிமை. அவள் இந்தியாவுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் புஷ் தேய்ந்து ரோலர் நின்றுபோனது. மறுநாள் விடியற்காலையில் புதுத் தண்டை எண்ணெயில் வைத்துச் சூடேற்றிவிட்டு, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போய் அவளிடம், "டேசனுக்கு வந்திர்றேன்" என்று சொல்லித் திரும்பினேன். பதினொரு மணிக்கு ரயில்.

எட்டு மணிக்கு ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்தார்.

"இது எப்பப்பா ஆறும்?"

"மத்தியானம் ஆயிருங்க."

"கொழுந்து கெட்டுப்போகும். தண்ணியில போட்டு ஆறவச்சிக் கடைஞ்சிரு."

கோணிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சீக்கிரம் முடித்தால் ரயிலுக்குப் போய்விடலாம் என்ற ஆசை வாயை அடைத்தது. தண்ணீரில் போட்டேன், கடைந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. மாட்டப் போகும்போது ரோலரின் இரும்பு அச்சில் அது ஏறவில்லை. கோணியிருந்தது.

"மாட்டிட்டுத்தான் போவணும்" என்றார் டீமேக்கர்.

கோணிய உட்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி ஒருவழியாக ஏற்றினேன். ரோலர் ஓடத் தொடங்கியதும் மலையடிவாரத்திலிருந்து ரயில் ஊதியது. கையைக் கழுவாமலே ஓடினேன். ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி ஒங்களத்தான் பாத்துக்கிட்டே போச்சு" என்றார் பக்கத்து லயத்துக்காரர்.

எண்ணெயிலேயே ஆறட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தால், அது ஆறுகிற நேரத்தில் அவளை ஏற்றிவிட்டே வந்திருக்கலாம். இது எனக்கு அந்த பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அவளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. "அண்ணே, நீங்க வராததுல கோவம் இல்ல. வேலையில இருந்திருப்பீங்க" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். நடந்ததை அவளுக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. நான்காவது வருஷம் நான் போட்ட கடிதம், அந்த விலாசத்தில் ஆளில்லை என்று திரும்பி வந்தது. பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.