கூப்பிட்டும் திரும்பாத யாழினி

எங்கள் ஊர் கரங்கானில் பக்கத்து வீட்டுக் கவிதா வேலைக்குப் போனதும், அவருடைய ஒன்றரை வயது மகள் யாழினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டால் அவள் அடம்பிடிக்காமல் கஞ்சி குடிப்பாள். அதனால் தினமும் போட்டுவிடுவேன்.

போகப் போக, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பவில்லை. கவிதா பயந்துபோய் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

"போன் குடுப்பீங்களா?" என்று தாதி கேட்டார்.

"தொடவே விடமாட்டேன் மிஸ்ஸி. காது கேக்கலையோ?" என்று கவிதா அழுதார்.

"நான்தான் குடுக்கிறேன், கவிதா" என்றேன்.

பரிசோதனையில் காதில் குறையில்லை. போனை நிறுத்தச் சொன்னார்கள். இனிப் பிள்ளையை என்னிடம் விடமாட்டார் என்றே நினைத்தேன்.

காரில் கவிதா சொன்னார்: "கோவம்தான் அக்கா. ஆனா நீங்க சொல்லலன்னா எங்கெங்கயோ அலைஞ்சிருப்பேன் லா. நாளைக்கும் கொண்டாந்து விடுறேன். போன் மட்டும் வேணாம்."

அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்கு அந்த மனசு வந்திருக்காது.

இப்போது வாசலில் உட்கார்ந்து, பேசிப் பேசி ஊட்டுகிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது. பாதிக் கஞ்சி என் மேல்தான். நேற்று மோட்டார் சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர் ஹார்னை அடித்ததும் யாழினி திரும்பி, "ஒட்டி!" என்று மழலையில் ரொட்டி கேட்டாள். சாயங்காலம் கவிதாவிடம் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டார்.